தெருவுக்கு ஒரு கோயில் இருக்கிற ஊரில் இன்னொரு சபை எதற்கு? ஐரோப்பா, ஜப்பான் மிஷனரிகள் பற்றி

ப்ரேசர்டவுன்56 (இழையைத் தொடங்கியவர்) · ஞாயிறு, மாலை 4.12

பெங்களூரில் சில தமிழ்ச் சபைகளில் இப்போது மிஷனரி ஞாயிறு என்றால் திரையில் வருவது ஒடிசாவோ ஜார்க்கண்டோ இல்லை. ஜெர்மனியின் லைப்சிக், செக் நாட்டின் பிராக், ஜப்பானின் ஒசாகா. "அங்கே புதிய சபை நாட்டப் போகிறோம், ஜெபத்திலும் காணிக்கையிலும் தாங்குங்கள்" என்கிறார்கள். மரியாதைக்காக யாரும் எதிர்க்கேள்வி போடுவதில்லை. இங்கே போடுகிறேன்.

நமக்கு மிஷனரி அனுப்பியதே ஐரோப்பாதானே? தெருவுக்குத் தெரு கோயில் இருக்கிறது, பாதிக்கு மேல் காலி. அதில் ஆள் சேர்க்காமல் வாடகை ஹாலில் இன்னொன்றை ஏன் தொடங்க வேண்டும்? நம்மைவிடப் பணக்கார ஊருக்கு நம் காணிக்கை எதற்கு? போனவர்கள் முதல் வருடம் காலையில் எழுந்து என்னதான் செய்கிறார்கள்?

சாட்சி வேண்டாம், விவரம் வேண்டும். விசுவாசி, நாத்திகர், இரண்டுங்கெட்டான், யாரும் எழுதலாம்.

மட்டுறுத்துநர் · மாலை 4.30

கர்நாடக மதமாற்றத் தடைச் சட்டத்துக்குத் தனி இழை ஓடுகிறது. அந்தச் சண்டையை இங்கே இறக்கினால் பதிவு நீக்கப்படும்.

ஏட்டுச்சுவடி · மாலை 5.47

ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் ஹாலே. தமிழகத்துக்கு வந்த முதல் புராட்டஸ்டன்ட் மிஷனரிகளில் ஒருவரான சீகன்பால்கு படித்த ஊர். அவரும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள்; 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. இங்கிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் ஹாலேயில் பிராங்கே நிறுவனக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்த ஹாலே இருப்பது சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில். லூத்தரின் விட்டன்பர்க்கும் அதே மாநிலம்தான். இன்று அங்கே ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் எந்தச் சபையிலும் இல்லை. உலகத்திலேயே மதப்பற்று மிகக் குறைந்த வட்டாரங்களில் அது ஒன்று.

இது ஒரே நாளில் நடக்கவில்லை. 1950-இல், ஹாலே இருந்த கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியில் பத்தில் ஒன்பது பேர் கிறிஸ்தவர்கள். அரசு கோயிலை இடிக்கவில்லை, சடங்கை மாற்றியது. 14 வயதில் நம் பிள்ளைகள் திடப்படுத்தல் (ஞானஸ்நானத்தைத் தானே உறுதிசெய்யும் சடங்கு) எடுப்பதுபோல அங்கேயும் எடுப்பார்கள். அதற்குப் போட்டியாக 1954-இல் 'யூகெண்ட்வைஹே' என்ற மதமற்ற பருவச் சடங்கைக் கட்சி கொண்டுவந்தது. பூங்கொத்து, புத்தகம், மேடை, உறுதிமொழி எல்லாம் உண்டு. அதில் சேராத பிள்ளைக்கு மேல்படிப்பு வாசல் குறுகியது. இரண்டு தலைமுறையில் வேலை முடிந்தது. 1989-இல் சுவர் விழும்போது சபை உறுப்பினர் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். கட்சி போய்விட்டது, சடங்கு போகவில்லை. இன்றும் குடும்பம் குடும்பமாகக் கொண்டாடுகிறார்கள்.

அங்கே இருப்பவர்களை 'விசுவாசத்தை இழந்தவர்கள்' என்று சொல்வது தப்பு. இழக்க அவர்களிடம் எதுவும் இருந்ததில்லை. தாத்தா காலத்திலேயே முடிந்துபோன கதை அது. கோயில் என்பது அவர்களுக்கு ஊர் அருங்காட்சியகம் மாதிரி. இந்த நிலையில் 'கோயில் இருக்கிறதே' என்பதும் 'சபை இருக்கிறதே' என்பதும் ஒன்றல்ல. கிராமப்புறத்தில் ஒரே போதகர் பத்து, பன்னிரண்டு கோயிலைப் பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொன்றிலும் மாதத்துக்கு ஒரு ஆராதனை கிடைத்தால் பெரிது.

குறுக்குக் கேள்வி · மாலை 6.20

ஐயா, வரலாறு நல்லா இருக்கு. ஆனா அந்த 14 வயசுப் பையனுக்கு என்ன குறை? பள்ளி இலவசம், ஆஸ்பத்திரிக்கு இன்சூரன்ஸ், ரயில் ஓடுது. அவனுக்கு வேண்டாம்னு இருக்கறதை ஏன் போய் வேண்டும்னு ஆக்கணும்? "ஆள் இல்லை, அதனால போறோம்"ங்கறது கடை திறக்கறவன் பேசற பேச்சு.

ஏட்டுச்சுவடி · மாலை 6.58

@குறுக்குக் கேள்வி, நியாயமான கேள்வி. மழுப்பாமல் சொன்னால், மத்தேயு 28:19-ஐ ('சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள்') கட்டளையாக எடுத்துக்கொள்பவருக்கு எதிராளியின் குறை கணக்கில் வராது. அந்த நம்பிக்கை இல்லாதவருக்கு இந்தக் காரணம் ஒருபோதும் காரணமாகப் படாது. மருத்துவமனை, பள்ளி, பஞ்ச நிவாரணம் என்று எதையும் கையில் எடுத்துப் போக முடியாத ஊருக்குப் போகும்போது இது அப்பட்டமாகத் தெரிகிறது.

இதில் நம் ஆள் ஒருவர் உண்டு. நம் ஆள் என்றால் தமிழில் பிரசங்கம் பண்ணிய ஆங்கிலேயர்: லெஸ்லி நியூபிகின். 1936-இல் வந்தார். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை-ராமநாதபுரம் பேராயர், 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயர். ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பியவர், பர்மிங்காமில் வின்சன் கிரீன் சிறைச்சாலைக்கு எதிரே இருந்த சின்னச் சபை ஒன்றை ஏற்றார். மூடப்படும் நிலையில் இருந்தது அது. இந்தியாவில் பார்த்ததைவிட அங்கேதான் வேலை கடினம் என்று எழுதினார். எதிர்ப்பு இருந்தால் பேச்சாவது நடக்கும், அலட்சியத்தோடு என்ன பேசுவது என்பது அவர் பிரச்சினை. ஐரோப்பாவையும் மிஷன் களமாகப் பார்க்கும் பேச்சுக்குப் பெரிய உந்துதல் அவரிடமிருந்து வந்தது. அவர் வாதத்தின் நடு நரம்பு: புத்தகமும் கூட்டமும் மதமற்ற சமூகத்தை அசைக்காது, அந்தச் செய்தியை நம்பி வாழும் ஒரு சபையைக் கண்ணால் பார்த்தால்தான் செய்தி புரியும். அதனால் 'ஏன் சபை?' என்பதற்கு அவர்கள் பதில், சபையே விளக்கவுரை என்பது.

அதே ஊரில் பழைய சபை இருக்க, புதியது ஏன் என்பதற்கு இது பதில் ஆகாது. அது வேறு காரணம். கட்டடம், சட்டம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

சவுண்டு செட் · இரவு 8.05

கட்டடம் நான் சொல்றேன். இதைப் பிரசங்கத்துல யாரும் சொல்ல மாட்டாங்க.

பழைய கல் கோயில் ஆர்கனுக்கும் பாட்டுக் குழுவுக்கும் கட்டினது. உயரமான கூரை, கல் சுவர், கல் தரை. ஒரு தடவை கை தட்டினா நாலைஞ்சு வினாடி ஒலி சுத்திட்டே இருக்கும். கீர்த்தனையை இழுத்துப் பாடினா அமிர்தம். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் வெச்சா கஞ்சி. வேகமா பேசற பிரசங்கம் மூணாவது வரிசையிலேயே புரியாது. ஸ்பீக்கர் எத்தனை வெச்சாலும் சரியாகாது, ஏன்னா பிரச்சினை சுவத்துல இருக்கு.

அடுத்தது பெஞ்சு. அதை எடுத்துட்டு நாற்காலி போட்டாத்தான் வட்டமா உக்காரலாம், பிள்ளைங்களுக்கு இடம் கிடைக்கும். ஆனா பாதுகாக்கப்பட்ட கட்டடம்னா பெஞ்சைத் தொட அனுமதி வேணும். இங்கிலாந்து திருச்சபையில அந்த அனுமதிக்கு 'ஃபாகல்ட்டி'னு பேர், மறைமாவட்ட நீதிமன்றம் கொடுக்கணும். ஒரு கழிப்பறை சேக்கறதுக்கும் அதே வழிதான். அப்புறம் சூடு. பிப்ரவரில 400 பேர் உக்கார கட்டின மண்டபத்தை 25 பேருக்காக சூடாக்கற பில், சின்ன ஹால் வாடகையைவிட ஜாஸ்தி.

அதான் பள்ளி ஹால், சினிமா தியேட்டர், காபிக் கடை மாடி. ஒரு ஞாயிறு இப்படி ஓடும்: 8 மணிக்கு வாட்ச்மேன் திறப்பார். 12 அங்குல ஆக்டிவ் ஸ்பீக்கர் ரெண்டு, 12 சானல் மிக்சர், மைக் நாலு, புரொஜெக்டர், கேபிள் பெட்டி, பிள்ளைங்க பாய், காபி பிளாஸ்க். ஏத்தி இறக்க ஆறிலேர்ந்து எட்டு பேர். 9.30-க்கு சவுண்டு செக், 10.30-க்கு ஆராதனை, 1 மணிக்கு ஹால் காலி. ஜெர்மனில ஞாயித்துக்கிழமை முழுக்க அமைதி நாள், சட்டமே அப்படி. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தா இடமே போயிடும். அதனால பாதிப் பேர் டிரம்ஸை விட்டுட்டு கஹோன் பெட்டியைத் தட்டறாங்க.

பாட்டு வரியைத் திரையில காட்ட சி.சி.எல்.ஐ.னு காப்புரிமை உரிமம் வேணும். நம்ம ஊர்ல பலபேர் கண்டுக்கறதில்லை, அங்கே கண்டுப்பாங்க.

எது கெட்டுப் போகும்? ஏத்தி இறக்கற எட்டுப் பேரும் வாராவாரம் அதே எட்டுப் பேர். ரெண்டாவது வருஷத்துல முதுகு வலிக்கும் முன்னாடி மனசு வலிக்கும். சபை உடையறது உபதேசச் சண்டையிலன்னு வெளியில சொல்லுவாங்க. பாதி நேரம் கேபிள் சுத்தற வேலையில.

இன்னொண்ணு, நாற்காலிக் கணக்கு. 60 நாற்காலில 48 நிறைஞ்சா புதுசா வர்றவனுக்கு 'இடமில்லை'ன்னு தோணிடும், வளர்ச்சி அங்கேயே நிக்கும். 100 நாற்காலில 18 பேர் உக்காந்தா வந்தவன் துஷ்டி வீடுன்னு நெனச்சுத் திரும்பிடுவான். 25 பேர்னா 30 நாற்காலி மட்டும் போடு, மீதியை மடிச்சு வை.

ப்ரேசர்டவுன்56 · இரவு 8.21

@சவுண்டு செட் இதுக்காகத்தான் இழை தொடங்கினேன். அப்போ பழைய கோயிலை யாருமே நிரப்புவதில்லையா?

ஏட்டுச்சுவடி · இரவு 8.50

நிரப்புகிறார்கள். லண்டன் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் சபை 1985 முதல் இதைச் செய்கிறது. மூடப்போகும் கோயிலைப் பேராயரிடம் கேட்டு வாங்கி, தன் சபையிலிருந்து ஒரு போதகரையும் ஒரு குழுவையும் அங்கே குடியேற்றும். பிரைட்டன் செயின்ட் பீட்டர்ஸ் 2009-இல் அப்படித்தான் தப்பியது. ஆனால் இங்கிலாந்து திருச்சபையில் ஒவ்வொரு தெருவும் ஏதாவது ஒரு பங்குக்கு, அதாவது ஒரு கோயிலின் எல்லைக்கு, சொந்தம். பக்கத்துப் பங்கின் எல்லைக்குள் புதிய சபை வைக்க அந்தப் போதகர் முகம் சுளித்தால் வேலை நின்றுவிடும். இதற்காகவே 2007 சட்டத்தில் 'பிஷப் மிஷன் ஆர்டர்' என்று ஒரு வழி வைத்தார்கள். பங்கு எல்லையைத் தாண்டிப் பேராயரே அனுமதி தரலாம்.

சபை அரசியலும் ஒரு காரணம். 15 பேர் மீதமிருக்கும் பழைய சபையில் அந்த 15 பேரும் கமிட்டி உறுப்பினர்கள். ஆராதனை நேரத்தை அரை மணி தள்ள மூன்று கூட்டம் போட வேண்டும். சிவாஜிநகர் பக்கம் எந்தக் கமிட்டியைப் பார்த்தவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

வல்டாவா · இரவு 9.34

செக் நாட்டைப் பற்றி எழுதுகிறேன். ஹாலே கதையை அப்படியே இங்கே ஒட்டாதீர்கள். இங்கே வேர் இன்னும் பழையது.

1415-இல் செக் சீர்திருத்தப் போதகர் யான் ஹுஸைக் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபைச் சங்கத்தில் உயிரோடு எரித்தார்கள். 1620 வெள்ளை மலைப் போருக்குப் பிறகு ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் ஆட்சி நாட்டை வலுக்கட்டாயமாகக் கத்தோலிக்கம் ஆக்கியது. ஆக 'கோயில்' என்றால் அன்னிய அரசன் என்ற நினைப்பு கம்யூனிஸ்டுகள் 1948-இல் வருவதற்கு முன்னரே ஊறிவிட்டது. 2021 கணக்கெடுப்பில் மதக் கேள்வி விருப்பப்பட்டால் மட்டும் பதில் சொல்வது. 30 சதவீதம் பேர் பதிலே எழுதவில்லை, கிட்டத்தட்டப் பாதிப் பேர் 'நம்பிக்கை இல்லை' என்றார்கள். கத்தோலிக்கர் 7 சதவீதம். கவனிக்க வேண்டிய எண் வேறு: 9 சதவீதம் பேர் 'நம்பிக்கை உண்டு, எந்தச் சபையிலும் இல்லை' என்றார்கள். கத்தோலிக்கரைவிட அதிகம். இவர்களை நாத்திகர் என்று நினைத்து டார்வின் விவாதத்தோடு வரும் மிஷனரி முதல் நாளே தோற்கிறார். இவர்களுக்குக் கடவுளோடு சண்டை இல்லை. அமைப்பு என்றாலே ஒவ்வாமை. புதிதாக எந்தக் குழு வந்தாலும் 'செக்தா' என்ற ஒரே சொல்லில் கதவு சாத்தப்படும். நம் ஊரில் யாரையாவது 'அந்தக் கூட்டம்' என்று தள்ளிப் பேசுவது போல.

முதல் வருடம் என்ன செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். மொழி படிக்கிறார்கள், அவ்வளவுதான். அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சிக் கணக்குப்படி ஆங்கிலம் பேசுபவருக்குச் செக் 44 வாரம், 1,100 வகுப்பு மணி. ஜப்பானியம் 88 வாரம், 2,200 மணி. வாரம் 20 மணி போனால் செக்குக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இதைக் குறைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பாளரை வைத்து ஆரம்பித்த இடங்களில் மொழிபெயர்ப்பாளர் நின்றால் சபையும் நிற்கும்.

மொழி வருவதற்குள் கைவசம் இருப்பது ஆங்கிலம், அதனால் கோடையில் ஒரு வார ஆங்கில முகாம். பையன்கள் கூட்டமாக வருவார்கள். இலவச ஆங்கிலம், விளையாட்டு, மாலையில் ஒரு சின்னப் பேச்சு. செப்டம்பரில் ஞாயிறு கூட்டத்துக்கு எத்தனை பேர் என்று பாருங்கள். விரல் விட்டு எண்ணலாம். முகாம் தப்பு என்று சொல்லவில்லை. முகாம் படத்தைக் காட்டிப் பணம் கேட்பதுதான் தப்பு.

ஓடும் வழி மெதுவானது. ஒரே குடியிருப்பில் வீடு, ஒரே காபிக் கடை, ஒரே விளையாட்டுத் திடல். இரண்டாம் வருடம் வீட்டில் எட்டுப் பேர் சாப்பாடு. சாப்பிட்டு, அரை மணி பேச்சு கேட்டு, பிறகு யாரும் திருத்தாமல் கலந்துரையாடுவது. ஆல்ஃபா என்ற கிறிஸ்தவ அறிமுக வகுப்பு எடுத்துக்கொண்ட அச்சு இதுதான். 1977-இல் அது லண்டனில் புதிய விசுவாசிகளுக்காக ஆரம்பித்தது. 1990-களில்தான் சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு என்று திருப்பினார்கள். பத்துப் பதினொரு வாரம். முதல் வாரத்தில் வந்தவர்களில் பாதி கடைசி வாரத்தில் இருந்தால் நல்ல வகுப்பு.

கணக்கர் · இரவு 10.15

சட்டமும் பணமும்.

ஜெர்மனி: புதிய சபை பெரும்பாலும் 'எ.ஃபாவ்.' என்று பெயரின் வாலில் போடும் பதிவுச் சங்கமாக ஆரம்பிக்கும். குறைந்தது 7 நிறுவன உறுப்பினர், அமைப்பு விதி, நிர்வாகிகள் கையெழுத்துக்கு நோட்டரி சான்று, உள்ளூர் நீதிமன்றப் பதிவேட்டில் ஏற்றம். உறுப்பினர் மூன்றுக்குக் கீழே போனால் பதிவு பறிபோகும். பிறகு வரி அலுவலகத்தில் பொதுநலத் தகுதி வாங்கினால்தான் காணிக்கை கொடுத்தவருக்கு வரிச் சலுகை ரசீது தரலாம். விதியில் ஒரு வாக்கியம் தவறினால் திருப்பி அனுப்புவார்கள்: சங்கம் கலைந்தால் சொத்து யாருக்கு என்ற வாக்கியம். பலர் விடுவது இதைத்தான்.

பெரிய இரண்டு சபைகள் (கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட்) நிலை வேறு. அங்கே அரசே சபை வரி பிடித்துக் கொடுக்கிறது, வருமான வரித் தொகையில் பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பர்க்கிலும் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9. சம்பளச் சீட்டில் அந்த வரியைப் பார்த்துத்தான் பலர் அரசு அலுவலகத்துக்குப் போய் விலகல் மனு கொடுக்கிறார்கள். விலகியவரிடம் புதிய சபை போய்ப் பத்தில் ஒன்று தசமபாகம் என்று முதல் மாதமே பேசினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

செக்: மதச் சங்கமாகப் பதிய வயது வந்த 300 பேர் கையெழுத்து வேண்டும். 25 பேர் கூடும் சபைக்கு அது நடக்காது. அதனால் ஏற்கெனவே பதிவான ஒரு சின்னச் சபைப் பிரிவின் கிளையாகத்தான் நுழைகிறார்கள். அதில் ஒரு நன்மையும் உண்டு, 'செக்தா' பட்டம் கொஞ்சம் விலகும்.

பிரிட்டன்: 'கிஃப்ட் எய்டு' படிவம் வாங்கி வைத்தால் வரி கட்டுபவர் போடும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்க்கும். படிவம் இல்லாமல் தட்டில் விழும் சின்ன நோட்டுகளுக்கு ஆண்டுக்கு ஒரு வரம்பு வரை மட்டும் அது கிடைக்கும். பிள்ளைகள் வகுப்பு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் போலீஸ் பின்னணிச் சான்று முக்கியம். போதகர் விசாவுக்கு ஆங்கிலத் தேர்ச்சி பி2 அளவு (ஐரோப்பிய மொழி அளவுகோலில் மேல் இடைநிலை). நம் ஊர் வேதாகமக் கல்லூரிப் பட்டம் மட்டும் போதாது.

ஆதரவுப் பணம் எப்போதும் சரிவாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு முதல் வருடம் முழுதும், பிறகு 75, 50, 25 சதவீதம், ஐந்தாம் வருடம் சூனியம். சரிவே இல்லாமல் பத்து வருடம் முழுச் சம்பளம் வெளியிலிருந்து வந்தால் உள்ளூர் ஆள் காணிக்கைப் பையில் நாணயம் போட்டே பழகுவார்.

குறுக்குக் கேள்வி · திங்கள், காலை 7.02

இப்போ முக்கியமான இடத்துக்கு வாங்க. புதுச் சபைக்கு வர்றவங்க யாரு? நாத்திகனா, பக்கத்துச் சபை ஆளா? நம்ம கம்மனஹள்ளி, லிங்கராஜபுரம் பக்கம் மாடிக்கு மாடி போர்டு தொங்குது. எல்லாம் சுத்திச் சுத்தி அதே ஆடுங்கதானே.

ஏட்டுச்சுவடி · காலை 8.44

இதுதான் இழையின் முதுகெலும்பு.

ஆதரவாளர்கள் எப்போதும் சொல்லும் கணக்கு நியூயார்க்கின் டிம் கெல்லர் பரப்பியது. அவர் 1989-இல் மன்ஹாட்டனில் ரிடீமர் சபையைத் தொடங்கியவர். புதிய சபையில் சேர்பவர்களில் 60 முதல் 80 சதவீதம் எந்தச் சபைக்கும் போகாதவர்கள். பத்துப் பதினைந்து வயதான சபையில் சேர்பவர்களில் 80 முதல் 90 சதவீதம் வேறு சபையிலிருந்து மாறி வருபவர்கள் என்பது அந்தக் கணக்கு. இதைக் கேட்டுத்தான் பல மிஷன் சங்கங்கள் பையைத் திறக்கின்றன.

ஓட்டை எங்கே என்றால் 'எந்தச் சபைக்கும் போகாதவர்' என்ற சொல்லில். போன மாதம் வேறு ஊரிலிருந்து மாறி வந்து இன்னும் சபை தேடாதவரும் போகாதவர்தான். சிறுவயதில் ஞானஸ்நானம் வாங்கி இருபது வருடம் விட்டவரும் போகாதவர்தான். யூகெண்ட்வைஹே எடுத்த ஹாலே பையனும் போகாதவர்தான். மூன்றும் ஒரே கட்டத்தில் விழுகின்றன. அமெரிக்காவில் நடுக் கட்டம் பெரியது, அதனால் எண் அழகாக வரும். சாக்சனி-அன்ஹால்ட்டில் அந்தக் கட்டம் ஏறக்குறைய காலி. ஆம்ஸ்டர்டாம் இறையியலாளர் ஸ்டெஃபான் பாஸ் இந்த வாதங்களையெல்லாம் ஐரோப்பாவில் வைத்து உரசிப் பார்த்தார். புதிய சபை என்பதாலேயே வளரும் என்பதற்கு ஆதாரம் மெலிதாக இருக்கிறது, புதிய வழிகளைச் சோதிக்கும் களம் என்பதே அதன் உண்மைப் பயன் என்பது அவர் பக்கம். எனக்கு அதுவே சரியாகப் படுகிறது.

இன்னொரு கதையும் நம் நாட்டில் ஆரம்பித்தது. டொனால்ட் மெக்காவ்ரன் 1897-இல் தமோவில் பிறந்த மிஷனரிப் பிள்ளை. மத்திய இந்தியாவில் வேலை பார்க்கும்போது சில சபைகள் ஏன் வளர்கின்றன, சில ஏன் தேங்குகின்றன என்று எண்ணத் தொடங்கினார். ஒரே சமூகத்தார் குழுவாக வந்தால் சபை நிலைக்கும் என்பது அவர் கண்டது. 'சபை வளர்ச்சி' என்ற துறையே அதிலிருந்து பிறந்தது. சாதி உறவு வலைக்குள் கண்ட விதியைத் தனித் தனி ஆளாக வாழும் பிராக் அடுக்ககத்தில் போட்டுப் பார்த்தால் எப்படிப் பலிக்கும்? அங்கே ஒருவர் வந்தால் அவரோடு அவர் அத்தை கூட வரமாட்டார்.

வல்டாவா · காலை 9.10

அத்தை வரமாட்டார் என்பது சரி. ஒருவர் முடிவெடுக்க நாலைந்து வருடம் ஆவது இங்கே சாதாரணம். பெரும்பாலான ஆதரவுத் திட்டங்கள் மூன்று வருடத்துக்குப் போட்டவை. பயிர் ஐந்து வருடம், தண்ணீர் மூன்று வருடம்.

லேவிஸ்ஹாம் பஸ் · காலை 11.26

யாரும் தொடாத பாதி: ஐரோப்பாவில் இப்போது புதிதாக முளைக்கும் சபைகளில் பெரும்பங்கு குடியேறியவர்களுடையது. நைஜீரியாவில் 1952-இல் பிறந்த ரிடீம்ட் கிறிஸ்டியன் சர்ச், வளரும் நாட்டு நகரங்களில் ஐந்து நிமிட நடைக்கு ஒரு சபை, வளர்ந்த நாடுகளில் ஐந்து நிமிடக் கார் தூரத்துக்கு ஒரு சபை என்று இலக்கே வைத்திருக்கிறது. அவர்கள் சொல்லும் காரணம், 'எங்களுக்குக் கொண்டுவந்ததை உங்களுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறோம்'. நடப்பது என்னவோ லாகோஸிலிருந்து வந்தவரை லாகோஸிலிருந்து வந்தவரே பார்த்துக்கொள்வது.

தமிழ்ச் சபைகளும் அப்படித்தான். லண்டன், பாரிஸ், சூரிச் தமிழ்ச் சபைகளில் ஆரம்பத்தில் நிரம்பியது 1983-க்குப் பின் போன ஈழத்தமிழர். முதல் தலைமுறைக்கு அந்தச் சபை ஊர், உறவு, மொழி எல்லாம். பிள்ளைகள் சுவிஸ்-ஜெர்மனில் சிரிக்கிறார்கள், தமிழ்ப் பிரசங்கத்தில் போனைப் பார்க்கிறார்கள். இங்கே மூன்று வழி உண்டு. தமிழிலேயே தொடர்ந்தால் இருபது வருடத்தில் முதியோர் சபை ஆகும். இரு மொழி ஆக்கினால் ஒன்றரை மணி ஆராதனை இரண்டேகால் ஆகும், இரண்டு பக்கமும் முணுமுணுப்பு. பிள்ளைகளுக்கு உள்ளூர் மொழியில் தனி ஆராதனை, தனித் தலைமை கொடுத்தால் ஓடும், ஆனால் காணிக்கை யார் பையில் என்ற சண்டை வரும். சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று நேரம் பிரித்துப் பூசை நடப்பது நமக்குப் பழகிவிட்டது. அங்கே ஒரு வாடகை ஹாலுக்கு மூன்று மணி நேரம்தான்.

உள்ளூர் வெள்ளைக்காரரைச் சேர்ப்போம் என்று புறப்படும் குடியேறியோர் சபை பெரும்பாலும் சறுக்கும் இடம் நேரமும் சத்தமும். 10.30 என்றால் 11.10-க்கு ஆரம்பித்து 1.45-க்கு முடித்தால், தப்பித் தவறி வந்த ஜெர்மன்காரர் இரண்டாம் முறை வரமாட்டார்.

ப்ரேசர்டவுன்56 · பகல் 1.05

ஜப்பான்?

ஏட்டுச்சுவடி · பகல் 2.32

சுருக்கமாக. சேவியர் முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே வேலை செய்துவிட்டு, 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் இறங்கினார். கடவுளுக்கு 'தைனிச்சி' என்ற சொல்லை எடுத்தார். அது ஒரு புத்தரின் பெயர் என்று தெரிந்ததும் கைவிட்டு 'தேவுஸ்' என்று லத்தீனுக்கு மாறினார். சர்வேசுரனா, பராபரனா, தேவனா என்று தமிழில் முந்நூறு வருடம் ஓடிய அதே சிக்கல். இன்று கிறிஸ்தவர் சுமார் 1 சதவீதம். ஆனால் வெள்ளை கவுன், சிலுவை மண்டபக் கல்யாணம் ஜப்பானியருக்குப் பிடித்த வழக்கம். ஆக வெறுப்பு இல்லை, உறுப்பினராகச் சேர்வதுதான் சுவர். குடும்பக் கல்லறை, புத்த பீடம் யார் பார்ப்பது என்ற கேள்வியில் மூத்த மகன் நின்றுவிடுவார். காஸ்பல் பாடகர் குழு வைத்தால் ஐம்பது பேர் வந்து அருமையாகப் பாடுவார்கள். பாட்டுக்கு வந்தவர்கள், பாடிவிட்டுப் போவார்கள். மதச் சட்டப் பதிவுக்கு மூன்று வருட நடவடிக்கைப் பதிவேடு கேட்பார்கள், அதுவரை கட்டடம் யாராவது ஒருவர் பெயரில். அவர் இறந்தால் அவர் பிள்ளைகளிடம் பேச வேண்டும்.

கணக்கர் · மாலை 6.40

ஆரம்பக் கேள்வியில் ஒன்று விட்டுப்போனது: இங்கிருந்து காணிக்கை அனுப்புவது. பெங்களூர் கமிட்டிகள் இதில்தான் மாட்டும்.

சபை ஒரு அறக்கட்டளை என்றால், அதன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால் அந்தத் தொகைக்கு வரி விலக்கு கிடையாது. 1961 வருமான வரிச் சட்டத்தில் பிரிவு 11(1)(சி) அது; 2026 ஏப்ரல் முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 வருமான வரிச் சட்டம். மத்திய நேரடி வரி வாரியத்தின் தனி அனுமதி இருந்தால் மட்டும் விதிவிலக்கு. 'மிஷனரி சம்பளம்' என்று தணிக்கை அறிக்கையில் ஒரு வரி போட்டுவிட்டு லைப்சிக் கணக்குக்கு அனுப்பினால் கேள்வி வரும்.

தனி ஆள் அனுப்பலாம். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை, அன்பளிப்பும் நன்கொடையும் அதில் அடங்கும். அறக்கட்டளைக்கு அந்தத் திட்டம் இல்லை. தனி ஆள் ஆண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் வங்கி டி.சி.எஸ். (அனுப்பும்போதே வசூலிக்கும் வரி) பிடிக்கும். சபைப் பணத்தைப் பொருளாளர் தன் சொந்தக் கணக்கில் வாங்கி அனுப்புவது வேண்டவே வேண்டாம். நல்ல மனசுதான், ஆனால் நோட்டீஸ் அவர் வீட்டுக்கு வரும்.

குறுக்குக் கேள்வி · இரவு 7.15

எல்லாம் சரி. அனுப்பறவங்க அறிக்கைப் படிவத்துல நாலு கட்டம் போடச் சொல்லுங்க: வேற சபையிலேர்ந்து மாறினவங்க, வெளிநாட்டுலேர்ந்து வந்த கிறிஸ்தவங்க, விட்டுப்போய்த் திரும்பினவங்க, இதுவரை எதுவுமே இல்லாம முதல் தடவை வந்து ஞானஸ்நானம் வாங்கினவங்க. மொத்தக் கூட்டத்தைப் படம் எடுத்துக் காட்டறதை நிறுத்தச் சொல்லுங்க. அப்ப நானே ஆயிரம் ரூபா போடறேன்.

வல்டாவா · இரவு 7.31

போடலாம். நாலாவது கட்டம் முதல் மூன்று வருடம் காலியாகத்தான் வரும், அதைப் பார்த்துப் பணத்தை நிறுத்தாதீர்கள். ஆறாவது வருடமும் காலி, ஆனால் முதல் கட்டத்தில் நாற்பது என்றால் கேளுங்கள்.

ப்ரேசர்டவுன்56 · இரவு 7.48

நாலு கட்டத்தோடு ஐந்தாவதாக 'மொழி வகுப்பு மணி, இதுவரை' என்று ஒரு வரி சேர்த்துப் படிவம் அடித்துவிட்டேன். சவுண்டு செட் அண்ணே, கேபிள் சுத்துபவர் எண்ணிக்கைக்கும் ஒரு கட்டம் வேண்டுமா?

சவுண்டு செட் · இரவு 7.50

வேணும். அவங்க பேரையும் போடச் சொல்லுங்க. அடுத்த வருஷ அறிக்கைல அதே பேர் இருக்கான்னு பாக்கணும்.